பனிமலையின் அடிவாரத்தில்

"படம் எடுத்த இடத்தை ஃபோனே தானா குறிச்சுக்கும், மாமா. அதை எதுக்கு அணைச்சு வெச்சிருக்கீங்க?" மச்சினன் அலுத்துக்கொண்டான்.

"கையாலயே குறிக்கிற வழி இருந்தா சொல்லுடா."

"நாப்பது படத்துக்கும் மேப்புல ஒவ்வொண்ணாவா? உங்களை எப்படித்தான் கட்டி மேய்க்கிறாளோ அக்கா!"

முணுமுணுத்தபடி படங்களைத் திறந்தான். பாலைவனம், கடலில் கப்பல், பனிமலை. இந்த நேரத்தில் அக்காவைத் தனியாக விட்டுவிட்டா மனுஷன் ஊர் சுற்றினார்?

கோபத்தோடு பனிமலையைப் பெரிதாக்கினான். அடிவாரத்தில் அக்காவின் கால்விரல் எட்டிப் பார்த்தது. மலை, அவளுடைய வெள்ளைப் போர்வை. கடல், குளியலறையின் நீல வாளி.

"குழந்தை பிறக்கிற வரைக்கும் கட்டிலை விட்டு இறங்கக் கூடாதுன்னுட்டார்ல டாக்டர்? போட்டிருந்த டூரெல்லாம் போச்சு. தானா குறிச்சா எல்லாப் படமும் நம்ம வீட்டையே காட்டிக் குடுத்துடுமேடா!"

உள்ளறையிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"என்னங்க, நாளைக்கு எந்த ஊரு?"