மூடி வைத்த சோறு

"உடம்பு கிடைச்சுதா? இல்லையே! அப்ப கேப்டன் உயிரோடதான் இருக்கான்," என்றான் மான்சிக்.

தென்கொரியாவின் யோசு துறைமுகத்தில் ஓக்பூனின் சாப்பாட்டுக் கடை. படகுப் பட்டறைக்குப் புதிதாக வேலைக்கு வந்த இருவரும், முந்தின நாள் முடிந்த மர்மத் தொடரைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசிக் காட்சியில் படகு மட்டும்தான் கரைக்கு வந்தது.

"குளிர்காலக் கடல்டா. செத்துட்டான்," என்றார் மூத்தவர் ஹோசுன்.

"அடுத்த சீசன்ல வருவான் பாருங்கண்ணே!" என்று மான்சிக் ஸ்பூனைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தினான்.

"எடுடா கிறுக்கா! செத்தவங்களுக்குப் படைக்கும்போதுதான் அப்படி நட்டு வைப்பாங்க. உனக்கு நீயே திவசம் பண்றியா?" என்று சிரித்தார் ஹோசுன்.

ஓக்பூன் சிரிக்கவில்லை. காலையில் கொழுந்தன் போனில் கேட்டதற்கு இன்றைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். தினமும் செய்வதுபோல் ஒரு கிண்ணத்தில் சுடுசோறு போட்டு, மூடி, மூலை மேசையில் வைத்தாள்.

"உங்க வீட்டுக்காரர் இன்னைக்கும் லேட்டாக்கா?" என்றான் மான்சிக்.

"ம்."

"நீங்களே சொல்லுங்க, கேப்டன் இருக்கானா, இல்லையா?"

"அவன் பொண்டாட்டி கடைசியில என்ன பண்றா?"

"அவளைக் காட்டவே இல்லக்கா. கதையில அவளுக்கு என்ன வேலை?"

அவர்கள் போனதும் கொழுந்தனை அழைத்தாள்.

"தம்பி, ஒன்பதாம் மாசம் ஒன்பதாம் நாளே உங்க அண்ணனுக்குப் படைச்சிடலாம். செத்த நாள் தெரியாதவங்களுக்கு அன்னைக்குத்தானே? படகு தனியா வந்தும் ஆறு வருஷமாச்சு."

மூலை மேசைக்குப் போய் மூடியை எடுத்தாள். சோற்றில் இன்னும் ஆவி பறந்தது. ஸ்பூனை நடுவில் செங்குத்தாக நட்டு வைத்தாள்.