சாட்சிக் கெண்டை

மருந்து கம்பெனி தன் கழிவுநீரைச் சுத்தம் செய்து வாய்க்காலில் விடுகிற இடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி. தண்ணீர் நல்லதுதான் என்று வருகிறவர்களுக்குக் காட்ட, அதில் ஒரு கெண்டை மீனை வளர்த்தார்கள்.

முட்டையிட வந்த தவளை வாய்க்காலில் இறங்கப் பயந்து மீனிடம் கேட்டது.

"அண்ணே, இந்தத் தண்ணியில முட்டை போடலாமா? பிள்ளைங்க பிழைக்குமா?"

"என் உடம்பைப் பாரு. மூணு வருஷமா ஒரு நோவு கிடையாது. போய்ப் போடு."

தவளை கிளம்பத் திரும்பியது. அந்நேரம் வேலையாள் ஒருவர் வந்து, தொட்டித் தண்ணீரை இறைத்துவிட்டு, கேன் தண்ணீரை ஊற்றிப் போனார்.

"இது என்ன தண்ணி அண்ணே?"

"மேனேஜர் குடிக்கிறது. வாரா வாரம் மாத்துவாங்க."

"அப்ப வாய்க்கால் தண்ணி?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? நான் அந்தப் பக்கம் போனதே இல்லையே."

தவளை சண்டை போடவில்லை. தொட்டிக்குள் குதித்துவிட்டது.

மறுநாள் சோதனைக்கு அதிகாரி வந்தார். தொட்டி நிறைய முட்டை.

"பாருங்க சார், எங்க கழிவுநீர்ல தவளையே குடும்பம் நடத்துது," என்றார் மேனேஜர். அதிகாரி எழுதிக்கொண்டார்.

மீனுக்கு என்னவோ போலிருந்தது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தது.

"சும்மா இரு அண்ணே," என்றது தவளை. "பிள்ளைங்க பொரியட்டும்."