குல்ஷன் வீட்டுச் சுவர்

கூடுவாஞ்சேரியின் காலை வெயில் பட்டு குல்ஷன் வீட்டுச் சுவர் கண்ணைக் கூச வைக்கிறது. முந்தாநாள் அடித்த இளநீலம். பெயின்ட் வாடை இன்னும் போகவில்லை. "சினிமாக்காரங்க வர்றாங்கன்னு ரெண்டு கோட்டு அடிச்சோம் சார். நல்லாகீதா?" என்று குல்ஷன் கேட்கிறாள். கலை இயக்குநர் ஜெயவேலு பக்கெட்டில் டீ டிகாஷனையும் கரித்தூளையும் கலக்குகிறார். போன மாதம் இந்த வீட்டை அவர் தேர்ந்தெடுத்ததே மழைநீர் ஒழுகிய கறைக்காகத்தான். அதை எந்த வாயால் சொல்வது? "கதையில ஏழை வீடும்மா. ஷூட்டிங் முடிஞ்சதும் பளிச்சுனு அடிச்சுக் குடுத்துடறோம்." அவள் சிரிப்பு பாதியில் நின்றுபோகிறது. அவர் நீலத்தின் மேல் பிரஷ்ஷை இழுக்கிறார், பழுப்பு வழிகிறது. வேடிக்கை பார்க்கும் தெருவில் யாரோ சிரிக்கிறார்கள். குல்ஷன் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அருகே வருகிறாள். "அங்க இல்ல சார்," என்கிறாள் மெதுவாக. பக்கெட்டில் விரலை நனைத்து, ஜன்னல் மூலையிலிருந்து தரைவரை வளைந்து பிரிந்து இறங்கும் ஒரு கோட்டைத் தயங்காமல் இழுக்கிறாள். அச்சு அசலாக அதே கறை. ஆறு மழைக்காலமாகப் பார்த்தது, அவளுக்கு மனப்பாடம். "இப்ப சரியாகீதா சார்?" இருபது வருஷமாகச் சுவர்களைப் பழசாக்கிப் பேர் வாங்கியவர், பிரஷ்ஷை வைக்க இடம் தேடுவதுபோல் குனிந்துகொள்கிறார்.