மஞ்சள் சுவர்

கடல் காட்டுவதாகச் சொல்லிப் பாகூரிலிருந்து கூட்டிவந்த அரிகரன், புதுச்சேரித் தெருவின் மஞ்சள் சுவரோரம் பிள்ளைகள் இரண்டையும் நிறுத்தி ஒரு மணி நேரமாகப் போட்டோ எடுக்கிறான். தெருக்கோடியில் அலை இரைகிறது. "அப்பா, கடலு," என்கிறாள் நாலு வயது யாமினி, புதுச்செருப்பு கடித்த காலைத் தூக்கிக்கொண்டு. "இன்னும் ஒண்ணே ஒண்ணு. சிரிடி, ஸ்டேட்டஸ் வெக்கணும்." அவன் மனைவி கல்பனாவின் உதடு ஒருபக்கம் கோணுகிறது. "நம்ம வயக்காட்டு மோட்டார் கொட்டாய்க்கும் இதே மஞ்சள்தான். அங்கியே நிக்க வெச்சிருந்தா பஸ்ஸுல இடிபட்டிருக்க வேணாம்." அவன் காதில் விழவில்லை, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பின்னால் நகர்கிறான். கல்பனா குனிந்து மகளின் செருப்பைக் கழற்றுகிறாள். சின்னவனை இடுப்பில் வைத்துக்கொண்டு, யாமினியின் கையைப் பிடித்துக் கடலைப் பார்த்து நடக்கிறாள். "ஏய், போட்டோவுல யாருமே இல்லடி." அவள் திரும்பாமலே சொல்கிறாள்: "செவுரு இருக்குதுல்ல, அத எடுங்க. நீங்க சொன்ன எடத்துல அசையாம நிக்கிறது அது ஒண்ணுதான்."