பூமி புள்ளியாகும் அறை

விவாகரத்துக் கேட்டு வருகிறவர்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன் என் அறையில் ஜோடியாக உட்கார்ந்து எழ வேண்டும். சட்டம் அப்படி. விளக்கை அணைத்ததும் நாற்காலிகள் மிதக்கும். பூமி பந்தாகி, புள்ளியாகி, காணாமலே போகும். அந்த இடத்தில் பெரும்பாலானவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள். வழக்கை வாபஸ் வாங்கிவிடுவார்கள். ஓரமாக நின்று அவர்கள் முகத்தைக் கவனிப்பதுதான் என் வேலை.

நேற்று சேர்மராஜும் அவர் மனைவி அமுதவல்லியும் வந்தார்கள். அவர் கழுத்து வலிக்கத் திரும்பித் திரும்பி பூமியையே பார்த்தார். அவள் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. சனியின் வளையத்துக்குள் புகுந்தபோது, "யம்மா!" என்று வாய்விட்டுச் சிரித்தாள்.

விளக்கைப் போட்டதும் சேர்மராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இம்புட்டுப் பெரிய அண்டத்துல நம்ம சண்டையெல்லாம் ஒரு விஷயமா அமுதா? வா, வீட்டுக்குப் போவோம்."

"சண்டை சின்னதுதாங்க," என்றாள் அவள், கோபமே இல்லாமல். "ஆனா வெளிய இம்புட்டு இருக்கே. நீங்க என்னைய வாசக் கேட்டைத் தாண்ட விட்டதில்லையே."

கையெழுத்துப் போட்டுவிட்டு அவள் மட்டும் திரும்பி வந்தாள். "யக்கா, அந்த வளையத்தை இன்னொருக்கா காட்டுவீங்களா?"

ஜோடி இல்லாமல் காட்டக் கூடாது என்பது விதி. விளக்கை அணைத்துவிட்டு, பக்கத்து நாற்காலியில் நானே போய் உட்கார்ந்தேன். இத்தனை வருஷமாக நான் பார்த்ததெல்லாம் முகங்களைத்தான்.