முன்னறையில் குதிரை

ரெபேக்காள் குதிரையின் பின்னங்காலைத் தூக்கித் தன் தொடைமேல் வைத்துக் குளம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் ஞானையன் பூட்ஸ் காலோடு பக்கத்தில் வந்து நின்றான்.

“எட்டி, சீக்கிரம் முடி. நெய்யாற்றின்கரை சதாசிவன் இப்ப வந்திருவாரு. வெல பேசியாச்சு, குதிரையை இன்னைக்கே கொண்டு போவட்டும்.”

அவள் சுரண்டிக்கொண்டே இருந்தாள்.

குதிரை நின்றது அவர்கள் வீட்டின் முன்னறையில். வீடு என்றால், அஸ்திவாரம் மட்டும்தான். ஞானையன் துபாயிலிருந்து முதலில் அனுப்பிய பணத்தில் போட்டது. அப்போது கொல்லயில் ஊரில் பாதிப் பேருடைய வீடு இப்படித்தான் நின்றது. அடுத்த பணம் வந்தால் சுவர், அதற்கடுத்த பணத்தில் கூரை.

குடியிருப்பவருக்கே நிலம் என்று கேரளத்தில் சட்டம் வந்தபோது, குடிசை இருந்த பத்து சென்ட் அவர்களுக்கே ஆனது. நிலம் போன முதலாளி, தீனி போட முடியாமல், குதிரையையும் வண்டியையும் வண்டியோட்டியான ஞானையனிடமே விட்டுவிட்டார். அவன் கடல் தாண்டிப் போன பிறகு வண்டியை ரெபேக்காள் ஓட்டினாள்.

பத்து சென்டும் பள்ளம். ஜூனில் இடவப்பாதி மழை பிடித்தால் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும். ஈரத்தில் நிற்கிற குதிரைக்குக் குளம்பு அழுகும். குளம்பு போனால் குதிரை போச்சு. பிறகு பாறசாலைச் சந்தைக்கு மரச்சீனிக் கிழங்கைத் தலையில்தான் சுமக்க வேண்டும்.

அதனால் அஸ்திவாரத்தின்மேல் நாலு கம்பு நட்டு ஓலை வேய்ந்து, குதிரையை ஏற்றிக் கட்டினாள். தினமும் குளம்பைச் சுரண்டி, உப்புத் தண்ணீரில் கழுவி, ஈரம் போகத் துடைத்து, வேப்பெண்ணெய் தடவினாள். அவள் படுத்தது ஒழுகுகிற பழைய குடிசையில்.

“புருஷன் துபாயில, குதிரை பங்களாவுல” என்று பக்கத்து வீட்டுப் புஷ்பபாய் கேலி செய்தாள்.

விடுப்பில் வந்தவனுக்கு அந்தக் கேலி பொறுக்கவில்லை. குதிரையை விற்றே தீருவேன், சுவரை எழுப்பிவிட்டுத்தான் விமானம் ஏறுவேன் என்று ஒற்றைக் காலில் நின்றான்.

அவளுக்குப் பொறுக்காதது அந்த பூட்ஸ். வந்த நாளிலிருந்து அவன் அதைக் கழற்றவில்லை. குடிசைக்குள் பூட்ஸ். சோறு தின்னும்போது பூட்ஸ். படுத்தால் காலுறை. கேட்டால், அங்கத்துப் பழக்கமாம்.

நாலு காசு பார்த்ததும் வந்த திமிர் என்று நினைத்தாள். செருப்பை வெளியே விட்டு உள்ளே வரத் தெரியாதவனோடு என்ன பேச்சு?

அப்போதுதான் அந்த நாற்றம் மூக்கில் ஏறியது. குளம்பு அழுகும்போது வருகிற அதே நாற்றம்.

கையிலிருந்த குளம்பை முகர்ந்து பார்த்தாள். சுத்தமாக இருந்தது. மற்ற மூன்றையும் தூக்கிப் பார்த்தாள். கல்லைப் போல இருந்தன. நாற்றம் மட்டும் போகவில்லை.

நிமிர்ந்தாள். ஞானையன் ஒரு அடி பின்னால் நகர்ந்தான்.

“இஞ்ச இரியுங்க.”

“எதுக்கு?”

அவன் கையைப் பிடித்து அஸ்திவாரத்து விளிம்பில் உட்காரவைத்து, பூட்ஸின் கயிற்றை அவிழ்த்தாள். காலுறை தோலோடு ஒட்டி வந்தது.

விரலிடுக்கெல்லாம் வெளுத்து வெந்து கிடந்தது. இரண்டு நகங்கள் இல்லை. உள்ளங்கால் பாளம்பாளமாக வெடித்திருந்தது.

“சிமெண்டுத் தண்ணி பூட்ஸுக்குள்ள கேறும். அங்க எல்லாருக்கும் உண்டு” என்றான், வேறெங்கோ பார்த்துக்கொண்டு. “இன்னும் ரெண்டு வருசம், எட்டி. வீடு முடிஞ்சிரும்.”

திமிர் என்று நினைத்த தன்னையே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது அவளுக்கு. அழுகை வந்தது. அழுதுகொண்டே, குளம்பு கழுவ வைத்திருந்த உப்புத் தண்ணீர் வாளியை இழுத்து, அவன் காலைத் தன் தொடைமேல் வைத்துத் தண்ணீரை மெல்ல ஊற்றினாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டான்.

முற்றத்துத் தண்ணீரில் சளக்சளக்கென்று நடந்து, குடையும் கயிறுமாக சதாசிவன் வந்தார்.

“என்ன ஞானையா, குதிரையை அவுக்கட்டா?”

ஞானையன் வாயைத் திறப்பதற்குள் ரெபேக்காள் தலை நிமிராமல் சொன்னாள்:

“வேண்டாம் அண்ணா. இஞ்சயிருந்து இனி ஆரையும் அனுப்பல்ல.”