பதினான்காம் பக்கத்து நாய்

“எனக்கு நாயே கிடையாதுடி!”

லினெட் போட்ட சத்தத்தில், தீர்ப்பாயத்தின் காத்திருப்பு அறையில் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். மடியில் கிடந்த அறிக்கையின் பதினான்காம் பக்கத்தை அவள் விரலால் குத்திக் காட்டினாள். ‘வீட்டில் வயதான நாய் வளர்க்கிறார். அதைப் பராமரிக்கும் அளவுக்கு விழிப்போடு இருக்கிறார்.’

“மெதுவாப் பேசுக்கா,” என்றாள் தங்கை ட்ரூடி. அவள் பிடித்த பிடியில் காகிதக் கோப்பை நசுங்கி, தேநீர் மேல்கோட்டில் வழிந்தது.

லினெட் இங்கிலாந்தின் ஹல் நகரில் பதினெட்டு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். நினைத்த நேரத்தில் ஆளை அடித்துப் போடும் தூக்கநோய் வந்ததும் லைசென்ஸ் போயிற்று, வேலை போயிற்று. ஒருநாள் முட்டையை அடுப்பில் வைத்துவிட்டுத் தூங்கிப்போனதில் சமையலறைத் திரை பற்றி எரிந்தது. அரசு உதவித்தொகை வந்தால் துணைக்கு ஆள் வைத்துக்கொண்டு சொந்த வீட்டில் இருக்கலாம். வராவிட்டால் காப்பகம்தான்.

வரவில்லை. போனில் ஒரு மணி நேரம் விசாரித்த அதிகாரி, ‘முழு நேரமும் தெளிவாகப் பேசினார், தனக்குக் குறை ஏதும் இல்லை என்று அவரே சொன்னார்’ என்று எழுதிவிட்டார். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

“இதுல ஒரு வார்த்தைகூட நான் சொன்னதில்லை. அந்த ஆளு உட்கார்ந்து கதை கட்டியிருக்கான்,” என்று பல்லைக் கடித்தாள் லினெட்.

“நீதான்க்கா சொன்னே. நான்தான் அன்னிக்கு லீவு போட்டுட்டு உன் பக்கத்துலயே இருந்தேனே.” ட்ரூடி தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். “உனக்குத்தான் எதுவும் நினைவு நிக்காதே. போன மாசம் செருப்பை ஃப்ரிட்ஜுல வெச்சியே, அது ஞாபகமிருக்கா?”

லினெட் அறிக்கையை மடியில் கவிழ்த்துப் போட்டாள். அரைத்தூக்கத்தில் எதையாவது செய்துவிட்டு மறந்துபோவதும் அந்த நோயில் உண்டு. அதற்காக இல்லாத நாயை வளர்க்கிற அளவுக்கா புத்தி பிசகும்? நோயைவிட இந்தப் பயம்தான் இரண்டு மாதமாக அவளைத் தின்றுகொண்டிருந்தது.

“இருக்கட்டும். அன்னிக்குப் பேசின பேச்சைப் பதிவு பண்ணியிருக்காங்களாம். அதைப் போட்டுக் காட்டச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கேன். இன்னிக்கு அவன் குட்டு உடைஞ்சுரும்.”

“பதிவா?” ட்ரூடியின் முகம் வெளுத்தது. “வேண்டாம்க்கா. வா, வீட்டுக்குப் போயிடலாம். நமக்கு எதுக்கு வம்பு?”

லினெட் தங்கையை ஏற இறங்கப் பார்த்தாள். வழக்குப் போடலாம் என்ற நாள் முதலாகவே இவள் பின்வாங்கிக்கொண்டுதான் இருந்தாள். எவனாவது இவளை மிரட்டி வைத்திருக்கிறானோ?

கேட்பதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் நீதிபதியம்மாளும், அவருக்குப் பக்கத்தில் ஒரு டாக்டரும் இருந்தார்கள். ட்ரூடி பின்வரிசையில் போய் ஒடுங்கிக்கொண்டாள். பதிவு ஓட ஆரம்பித்தது.

“வணக்கம்மா, எப்படி இருக்கீங்க?” என்றது அதிகாரியின் குரல்.

“ஏதோ ஓடுதுங்க. குறை ஒண்ணும் இல்லை.”

இந்த ஊரில் ஆம்புலன்ஸில் ஏற்றும்போது கேட்டாலும் இந்தப் பதில்தான் வரும். அதைப் போய் வாக்குமூலமாக எழுதி வைத்திருக்கிறார்கள், பாவிகள்.

“இது உங்க குரல்தானா?” என்றார் நீதிபதி.

லினெட் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். பதிவான தன் குரலை அவள் இதுவரை கேட்டதே இல்லை. செத்துப்போன அம்மா பேசுவதுபோல இருந்தது. குடும்பக் குரல்தான், சந்தேகமில்லை.

“அப்படித்தான் தோணுது, மேடம்,” என்றாள். கண்ணில் நீர் முட்டியது. அந்த அதிகாரி பொய் சொல்லவில்லை. அப்படியென்றால் கெட்டுப்போனது தன் புத்திதான்.

பேச்சுக்குப் பின்னால் கர்ர்... கர்ர்... என்று ஓர் உறுமல் விடாமல் கேட்டது. பதிவில் அதிகாரியும் அதைக் கவனித்துவிட்டார். “என்னம்மா சத்தம் அது? நாய் வளர்க்கறீங்களா?”

“ஆ... ஆமாங்க. கிழட்டு நாய்.”

டாக்டர் பதிவை நிறுத்தினார். கண்ணாடிக்கு மேலாக லினெட்டை உற்றுப் பார்த்தார். “நாயே இல்லைன்னு எழுதிக் கொடுத்திருக்கீங்க. இங்கே நாய் உறுமுது. உட்கார்ந்தா தூங்கிடுவேன்னு எழுதியிருக்கீங்க. இங்கே ஒரு மணி நேரம் கணீர்னு பேசறீங்க. நாங்க எதைம்மா நம்பறது?”

லினெட் கைக்குட்டையைத் தேடிப் பையைத் துழாவினாள்.

பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது. ட்ரூடி எழுந்து நின்றாள். கன்னம் முழுக்கக் கண்ணீர்.

“அவளை ஒண்ணும் கேட்காதீங்க. போன் வந்தப்போ அவளை உலுக்கு உலுக்குன்னு உலுக்கினேன், எழுந்திரிக்கவே இல்லை. போனை எடுக்கலைன்னா விண்ணப்பத்தை ரத்து பண்ணிடுவோம்னு கடுதாசி போட்டிருந்தாங்க. அந்தப் பயத்துல அவளா நானே பேசிட்டேன்.”

லினெட் திரும்பித் தங்கையைப் பார்த்தாள்.

“சரி,” என்றார் நீதிபதி. “அப்போ அந்த நாய்?”

ட்ரூடி மூக்கை உறிஞ்சினாள்.

“நாய் இல்லீங்க, மேடம். அதுதான் எங்க அக்கா.”